குடையைத் திருப்பிப் பாருங்கள்

செப்டம்பரில் நாலு நாள் மழை பெய்து ஓய்ந்தால் போதும், ஜெர்மனியில் கூடையும் கத்தியுமாக ஆட்கள் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். பெரும்பாலானோர் தேடுவது ஷ்டைன்பில்ஸ், ஃபிஃபர்லிங் என்ற காளான்களைத்தான். வெண்ணெயில் வதக்கினால் காலி. காளானை ரசிக்கப் போகிறவர்களுக்குக் கூடை தேவையில்லை. ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி போதும்.

குடையின் மேல்நிறத்தை நம்பாதீர்கள். மழையில் வெளுக்கும், வயதானால் மாறும், நத்தை வேறு கடித்து வைத்திருக்கும். கண்ணாடியைப் புல்லில் வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஷ்டைன்பில்ஸுக்குச் செவுள் என்ற தகடுகளே கிடையாது, பஞ்சு மாதிரித் துளைகள்தான். ஃபிஃபர்லிங்கில் இருப்பது செவுள் மாதிரி தெரிந்தாலும் வெறும் சுருக்கம். குடையின் சதையே மடிந்து காம்பு வரை ஓடுகிறது. அசல் செவுள் கத்தி அலகு போல மெல்லியது. அது காம்பைத் தொடுகிறதா, தொடாமல் விலகி நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் குடையை மட்டும் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். விடிந்ததும் செவுள்களின் வரி வரியான அச்சு வித்துத்தூளில் பதிந்திருக்கும். கடையில் வாங்கும் பட்டன் காளானின் இனத்துக்கு அது சாக்லேட் பழுப்பு. என்டோலோமாவுக்கு இளஞ்சிவப்பு, கோர்டினாரியஸுக்குத் துருநிறம், அமானிட்டாவுக்கு வெள்ளை. 1821-இல் சுவீடனின் காளானியலாளர் எலியாஸ் ஃப்ரீஸ் செவுள் காளான்களைப் பிரித்ததே இந்தத் தூளின் நிறத்தை வைத்துத்தான்.

டொய்ப்லிங் என்ற காளான் கிடைத்தால் காம்பை ஒடித்துப் பாருங்கள். நாராகக் கிழியாமல் சாக்பீஸ் போல முறியும். அதன் சதைக்குள் உருண்டை உருண்டையான செல்கள் இருப்பதே காரணம். அப்படி முறிந்து பாலும் கசிந்தால் அது மில்ஷ்லிங், டொய்ப்லிங்கின் நெருங்கிய சொந்தம். கைதேர்ந்தவர்கள் டொய்ப்லிங்கில் துளி மென்று துப்பி வகை சொல்வார்கள். நமக்கு அந்த வித்தை வேண்டாம்.

செவுள் இருப்பதெல்லாம் ஒரே குடும்பம் என்றும் நினைத்துவிடாதீர்கள். காலர் கிரெம்ப்லிங் என்ற பழுப்புக் காளானுக்குச் செவுள் உண்டு. ஆனால் கட்டைவிரலால் தள்ளினால் செவுள் அடுக்கு மொத்தமாகக் கழன்று வரும், ஷ்டைன்பில்ஸின் துளை அடுக்கு கழல்வதைப் போலவே. இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை; பின்னால் வந்த மரபணு ஆய்வும் அதையே சொன்னது. செவுளே இல்லாத பந்துக் காளானோ பட்டன் காளானின் உறவு.

இந்தக் கிரெம்ப்லிங்கை நன்றாக வேகவைத்தால் தின்னலாம் என்று ஜெர்மனியில் ஒரு காலத்தில் நம்பினார்கள். டொய்ப்லிங் வகைகளைக் கரைத்துக் குடித்த காளானியலாளர் யூலியஸ் ஷேஃபரே 1944-இல் அதைச் சாப்பிட்டு இறந்துபோனார். சிலருக்கு உடலின் எதிர்ப்பு சக்தியே ரத்த அணுக்களை உடைக்கத் தொடங்கிவிடும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஊரில் புற்றுக்காளான் பறித்துப் பழகியவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஓக், பீச் மரங்களின் அடியில் வளரும் பச்சை க்னோலன்பிளேட்டர்பில்ஸ் என்ற அமானிட்டாவைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. தின்றால் கல்லீரல் போய்விடும். தின்று பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தியே தொடங்கும். 2015-இல் புதிதாக வந்த அகதிகள் பலர் இதைத் தங்கள் ஊர்க் காளான் என்று நம்பித் தின்ன, ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகம் பல மொழிகளில் எச்சரிக்கை வெளியிட்டது. வெள்ளைச் செவுள், காம்பில் வளையம், அடியில் பை போன்ற உறை: இந்த மூன்றும்தான் அடையாளம். உறை மண்ணுக்குள் புதைந்திருக்கும்.

1921-இல் தொடங்கிய ஜெர்மன் காளானியல் சங்கம் தேர்வு வைத்துச் சான்றளித்த வல்லுநர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் அவர்களிடம் கொண்டுபோங்கள். கத்தியால் நறுக்கி எடுக்காமல், அடியோடு தோண்டி, மண்ணோடு கொண்டுபோனால்தான் அவர்களால் பெயர் சொல்ல முடியும்.