எச்சத்தில் தங்கும் நேற்று

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று இறங்கிவிட்டால், குற்றாலத்தில் நேற்றைய மழை இன்றைய அருவியிலும் விழுகிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி நான்கையும் நாள்தோறும் அளந்து எழுதினால் அதுவே பேனல் தரவு. அன்றன்றைய மழையைக் கொண்டு நீர்வரத்தைக் கணிக்கும் சமன்பாடு மிச்சம் வைக்கும் எச்சங்கள், நாளுக்கு நாள் ஒன்றையொன்று ஒட்டி வந்தால் அது தொடர் ஒட்டுறவு. கவனிக்காத ஆய்வாளர் முப்பது நாளை முப்பது சாட்சிகளாக எண்ணிவிடுவார். கூண்டேறுவதோ பெரும்பாலும் ஒரே சாட்சி.

ஒற்றைத் தொடருக்கான சோதனையை டர்பினும் வாட்சனும் 1950, 1951இல் வகுத்தார்கள். அலோக் பார்கவா, ஃபிரான்சினி, நரேந்திரநாதன் மூவரும் 1982இல் அதைப் பேனலுக்குக் கொண்டுவந்தார்கள்.

எளிமையில் ஜெஃப்ரி வூல்ட்ரிட்ஜின் வழியே முந்தும். ஒவ்வோர் அருவியிலும் இன்றைய அளவிலிருந்து நேற்றையதைக் கழித்தால் பாறையின் உயரம், அகலம் போன்ற மாறாத இயல்புகள் விலகிவிடும். செவ்வாய்க்கிழமையின் பிழை, திங்களைக் கழிக்கும்போது கூட்டலாகவும் புதனிலிருந்து கழிபடும்போது கழித்தலாகவும் வருகிறது. ஆகவே மூலப் பிழைகள் சம சிதறலோடு உறவற்று இருந்தாலும், கழித்த பிழைகளின் ஒட்டுறவு −0.5 ஆக நிற்கும். எச்சங்கள் அந்த எண்ணிலிருந்து விலகுகின்றனவா என்பதே சோதனை. 2003இல் டேவிட் ட்ரக்கர் இதை ஸ்டேட்டா மென்பொருளுக்கு எழுதித் தந்தார்.

நேற்றைய நீர்வரத்தே காரணியாகும் மாதிரிகளுக்கு அரெல்லானோ–பாண்ட் வழி (1991). அங்கே கழித்த எச்சங்களில் முதல்நிலை ஒட்டுறவு, அதாவது அடுத்தடுத்த நாள்களுக்கிடையிலானது, இயல்பு. ஒருநாள் விட்டு ஒட்டும் இரண்டாம்நிலை தெரிந்தால்தான் ஐயம். முதல்நிலையைக் கண்டே மிரளும் மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மரியான் பெர்ட்ரண்ட், எஸ்தர் டூஃப்ளோ, தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் பிறந்த செந்தில் முல்லைநாதன் ஆகியோரின் 2004ஆம் ஆண்டுக் கட்டுரைதான் பலரை உலுக்கியது. அமெரிக்க மாநிலங்களின் பெண்கள் ஊதியத் தரவில் இல்லாத சட்டங்களை இருப்பதாக வைத்துப் பார்த்தார்கள். தொடர் ஒட்டுறவைக் கவனிக்காவிட்டால், அந்தக் கற்பனைச் சட்டங்களில் 5 விழுக்காடு மட்டுமே பொய்யாகப் பலன் காட்டவேண்டிய இடத்தில் 45 விழுக்காடு வரை காட்டின! மாநிலத்தையே ஒரு கொத்தாகக் கொண்டு திட்டப்பிழையைக் கணக்கிடுவது அவர்கள் காட்டிய தீர்வுகளில் ஒன்று.

அதற்குக் கொத்துகள் நிறைய வேண்டும். அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்கள். குற்றாலத்தின் நான்கு அருவிகளுக்கு அது பொருந்தாது, வூல்ட்ரிட்ஜின் சோதனைக்கும் நான்கு அலகுகள் போதா. நீண்ட சீசனின் நாள்கணக்கு கையில் இருந்தால், ஒவ்வோர் அருவியையும் தனித்தொடராகச் சோதிப்பதே முறை. நான்கும் ஒரே மலையின் மழையைக் குடிப்பவை என்பதால், அருவிக்கு அருவி உள்ள உறவையும் அங்கே கூடவே சோதித்தாக வேண்டும்.