காதர் புலித்தலையைக் கழற்றிய பிறகு

பதற்றம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். சந்தோஷச் சிரிப்பு இல்லை. இருமல் மாதிரி, அடக்க அடக்க முட்டிக்கொண்டு வருவது. துக்க வீட்டில் வந்திருக்கிறது, வேலைக்கான நேர்முகத்தில் வந்திருக்கிறது. மாமாக் கடையில் ஆள் வந்து நிற்பதற்குள் ‘தே ஓ ஐஸ் கொசோங்’ என்று மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அப்புறமும் அவர் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் பேசாமல் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

என்னைப் போன்றவர்களுக்கு இப்போது நல்ல காலம். கூச்சத்தை ஒழிப்பது எப்படி என்று சொன்ன புத்தகங்கள் பழசாகிவிட்டன. ‘நீ இப்படித்தான், இதையே கொண்டாடு’ என்பதுதான் இன்றைய உபதேசம். எனக்கும் அது ஆறுதலாகவே இருந்தது. அசோகமித்திரனைத் திரும்ப வாசித்தபோதுதான் அந்த ஆறுதலில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தது.

தமிழில் கூச்சத்தை இவ்வளவு நெருங்கிப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம். அவருடைய ஆட்கள் மேடையேறிப் பேசமாட்டார்கள். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிப் போவார்கள். ‘புலிக்கலைஞன்’ கதையை எடுத்துக்கொள்வோம். சினிமா ஸ்டுடியோ ஒன்றில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் முன் வாய்ப்புக் கேட்டு வந்து நிற்கிறான் காதர். தயக்கமும் கெஞ்சலுமாகத்தான் பேசுகிறான். ஆனால் புலித்தலையை மாட்டிக்கொண்ட மறுகணம் அந்த அறையில் மனிதன் இல்லை, புலி இருக்கிறது. பார்க்கிறவர்கள் மிரண்டு போகிறார்கள். தலையைக் கழற்றியதும் மறுபடி அதே கெஞ்சல். பிறகு அவனுக்கு எழுதிய கடிதம் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிடுகிறது.

புறக்கணிக்கப்பட்ட கலைஞனின் கதை என்று இதை வாசிப்பதுதான் வழக்கம். அந்த வாசிப்பில் தவறில்லை. ஆனால் அதற்குள்ளே இன்னொன்றையும் நாம் சத்தமில்லாமல் நுழைத்துவிடுகிறோம். புலிதான் நிஜக் காதர், கூனிக் குறுகி நிற்பவன் வெறும் வேஷம் என்று நினைத்துக்கொள்கிறோம். ‘உனக்குள் ஒரு புலி தூங்குகிறது’ என்று சொல்கிற அதே பழைய உபதேசம்தான் இது. கதை அப்படிச் சொல்லவில்லை. பாய்ந்தவனும் அவன்தான், கெஞ்சி நின்றவனும் அவன்தான். ஒன்று மற்றொன்றைக் குணப்படுத்தவில்லை.

இன்னொரு விஷயம், எனக்கு இந்த முறைதான் பட்டது. காதரின் கூச்சம் அவனுடைய சுபாவம் மட்டும் இல்லை. பாதிக்கு மேல் அது பசி. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களால் உண்டாகிற கூச்சம். நான் மாமாக் கடையில் படுவதும் அவன் ஸ்டுடியோவில் படுவதும் ஒன்றல்ல. அவனிடம் போய் உன் கூச்சத்தைக் கொண்டாடு என்று சொல்ல எந்த வாய்க்கும் தைரியம் வராது.

‘ஒற்றன்’ வேறு மாதிரி. 1973இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல நாட்டு எழுத்தாளர்களோடு தங்கியிருந்த அனுபவத்திலிருந்து வந்த நாவல். குளிர், சாப்பாடு, பாஷை என்று எல்லாவற்றிலும் தடுமாறுகிற கதைசொல்லி தன் அசட்டுத்தனங்களை மறைப்பதில்லை. அவற்றை வைத்து அனுதாபம் தேடுவதும் இல்லை. இந்த நடுநிலைதான் அசோகமித்திரனின் பலம். ஆனால் எனக்கு ஒரு குறையும் உண்டு. நாவலுக்கு வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் தென்னமெரிக்க எழுத்தாளர் போன்றவர்களெல்லாம் அப்பட்டமாக நம் முன் நிற்கிறார்கள். கதைசொல்லி மட்டும் கடைசிவரை சட்டைப் பித்தானைக் கழற்றுவதில்லை. கூச்சம் அவருக்கு ஒரு வசதியும்கூட. ஓரமாக நின்றால் நாம் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், நம்மை யாரும் பார்க்க வேண்டியதில்லை. தலைப்பு ரொம்பச் சரி.

அந்த வசதி உடைகிற இடம் ‘18வது அட்சக்கோடு’. 1977இல் வெளிவந்தது. அசோகமித்திரன் பிறந்து வளர்ந்த செகந்திராபாத், 1948இல் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்க்கப்பட்ட நேரம். சந்திரசேகரன் கல்லூரிப் பையன். சைக்கிள், கிரிக்கெட், பெண்களைப் பார்த்தால் வருகிற தவிப்பு, யாரிடமும் சொல்ல முடியாத சின்னச் சின்ன அவமானங்கள். கதை ‘நான்’ என்றும் ‘அவன்’ என்றும் மாறி மாறிப் போகிறது. கூச்சக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், நாமே நம்மைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்போம். இவ்வளவு தூரம் நான் சிரித்துக்கொண்டேதான் வாசித்தேன்.

கடைசியில் கலவரத்துக்கு நடுவே ஓடி ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். தன் வீட்டாரை விட்டுவிடச் சொல்லி, ஒரு சிறுபெண் தன் உடையைக் களைந்துவிட்டு அவன் முன் நிற்கிறாள். அவன் எதுவும் செய்ய வரவில்லை. அவளுக்கு அது தெரியாது. அவளுடைய கண்ணுக்கு அவன் வெளியே வெறிபிடித்து அலைகிற கூட்டத்தில் ஒருவன், அவ்வளவுதான். அவன் அங்கிருந்து ஓடுகிறான். இத்தனை பக்கங்களாக அவன் பட்ட கூச்சமெல்லாம் இந்த ஓர் அவமானத்தின் முன் ஒன்றுமில்லாமல் போகிறது.

திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளே இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. தகாத செயலுக்காக நாணுவதுதான் நாணம், அழகிய பெண்களின் இயல்பான வெட்கம் வேறு வகை என்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றியது. இப்போது அது என் கழுத்தைப் பிடிக்கிறது.

இடைநிலைப் பள்ளி, புகுமுக வகுப்பு. தோட்டத்திலிருந்து வந்த ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் அவனை எழுப்பி மலாய்ப் பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். அவனுடைய உச்சரிப்பை ஆசிரியர் அப்படியே நடித்துக் காட்டினார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லாரையும் விட்டுவிட்டு அவன் என்னைத்தான் திரும்பிப் பார்த்தான். மறுநாள் வேறு மேசைக்குப் போய்விட்டான்.

இத்தனை வருஷமாக அதை ‘என் சுபாவம்லா, பதற்றத்துல சிரிச்சிடுவேன்’ என்ற கணக்கில் எழுதி வைத்திருந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அன்று அந்தச் சிரிப்பு போய்ச் சேர்ந்தது ஆசிரியரின் பக்கம். எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. துக்க வீட்டுச் சிரிப்பை நான் ஏற்றுக்கொள்வேன், அது என் முகத்தில் இருக்கிற மச்சம் மாதிரி. வகுப்பறைச் சிரிப்பை அந்தக் கணக்கிலேயே சேர்க்க முடியாது.

நம் விநோதங்களை ஏற்றுக்கொள்வோம், சரி. ஆனால் எந்தக் கூச்சம் நம்முடையது, எது இன்னொருவர் மேல் நாம் இறக்கி வைத்தது என்று பிரித்துப் பார்த்த பிறகு ஏற்றுக்கொள்வோம். அசோகமித்திரனிடம் நான் கற்றது இதைத்தான்.

அவனுடைய கைப்பேசி எண் ஒரு பொது நண்பரிடமிருந்து கிடைத்திருக்கிறது. என்ன பேச வேண்டும் என்று நாலைந்து முறை ஒத்திகை பார்த்தாயிற்று. பேசும்போது நிச்சயம் சிரிப்பு வரும். வரட்டும்.