ஒருமித்த குரலின் பலமும் பலவீனமும்

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம் அது. சுரங்கம் இன்றுவரை வெட்டப்படவில்லை. அறிவியலை அறியாமை வீழ்த்திவிட்டது என்கிறார்கள் ஒரு சாரார். மலையை மக்கள் காப்பாற்றினார்கள் என்கிறார்கள் மறுசாரார். இரண்டு தரப்புக்கும் பொதுவான குறை ஒன்று பேசப்படுவதே இல்லை. தன் அணியின் ஒற்றுமை குலையக் கூடாதென்று, கேள்வி கேட்டவரை எதிரியாகப் பார்த்ததுதான் அந்தக் குறை.

ஒற்றுமையின் பலத்தை மறுக்க முடியாது. வளிமண்டல நியூட்ரினோ 1965இல் முதன்முதலாகப் பதிவான இடங்களில் கோலார் தங்கச் சுரங்கமும் ஒன்று. அந்த மரபை மீட்கப் பல ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் கைகோத்தன. இந்த ஆய்வகத்துக்கான 50,000 டன் காந்த இரும்புக் கருவியைக் கூட்டு முயற்சியின்றித் திட்டமிடவே முடியாது. பொட்டிப்புரம் மக்களின் குரல் டெல்லி வரை எட்டியதும் அவர்கள் கூடி நின்றதால்தான்.

ஆனால் அதே ஒற்றுமை ஆய்வகத் தரப்பின் காதையும் அடைத்தது. இதே ஆய்வகத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த நீலகிரியின் சிங்காரா, புலிகள் வாழ்விடம் என்பதால் 2009இல் மறுக்கப்பட்டபோதே பாடம் கிடைத்திருக்க வேண்டும். பொட்டிப்புரத்தில் விவசாயிகள் கேட்டது வெடி அதிர்வு, நிலத்தடி நீர், மேய்ச்சல் நிலம், வெட்டியெடுக்கும் பாறை ஆகியவற்றைப் பற்றி. கிடைத்த பதிலோ, நியூட்ரினோ நம் உடலைத் தீங்கின்றிக் கடந்து செல்கிறது என்பது. பதில் சரி, கேட்ட கேள்வி அதுவல்ல. கேரள எல்லையில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைக் காட்டி 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. எதிர்ப்பாளர்களின் கேள்விகளில் சட்டப்படி வலுவானவையும் இருந்தன என்பது அப்போது தெளிவானது. 2018இல் மத்திய அரசு சிறப்பு நேர்வாக மீண்டும் அனுமதி தந்தும், இழந்த நம்பிக்கை திரும்பவில்லை.

எதிர்ப்பு அணியும் இதே தவற்றைச் செய்தது. நியூட்ரினோவால் கதிர்வீச்சு பரவும், அது ஆயுதமாகும் என்ற ஆதாரமற்ற பேச்சுகளை உள்ளிருந்தே திருத்தியிருக்க வேண்டும். திருத்துவது காட்டிக்கொடுப்பதாகிவிடும் என்ற அச்சம் அதைத் தடுத்தது. பாறை, தண்ணீர் குறித்த நியாயமான கேள்விகளையும் சேர்த்தே ஒதுக்கித் தள்ள எதிர்த்தரப்புக்கு இது வசதியாயிற்று.

கேள்வி கேட்பவரை ஒதுக்கும் இந்த நோய் திறந்த மூல மென்பொருள் உலகுக்கும் புதிதல்ல. அங்கே நிரலை யாரும் படிக்கலாம், பிழை சொல்லலாம். இருந்தும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் உருவாக்கத்தில் கடுஞ்சொல் பலரை விரட்டியது. 2018 செப்டம்பரில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுச் சில காலம் ஒதுங்கியிருந்தார். கதவு திறந்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று. அதே உலகில் நல்ல வழக்கமும் உண்டு. பைத்தான் மொழியின் மேம்பாட்டு முன்மொழிவுகளில், நிராகரித்த யோசனைகளைக் காரணத்துடன் பதிய ஒரு பகுதியே இருக்கிறது. தோற்ற கருத்துக்கும் அங்கே மரியாதை கிடைக்கிறது.

நம் சுற்றுச்சூழல் அறிக்கைகளுக்கும் போராட்டக் குழுக்களின் தீர்மானங்களுக்கும் அப்படி ஒரு பகுதி வேண்டும்: யார் என்ன ஆட்சேபித்தார், ஏன் ஏற்கவில்லை, எந்த ஆதாரம் கிடைத்தால் முடிவை மாற்றுவோம். பொட்டிப்புரத்தில் விடை தேடியிருக்க வேண்டிய நியூட்ரினோ நிறை வரிசைக் கேள்வியை, அதாவது நியூட்ரினோ வகைகளில் எது கனமானது என்பதை, சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டிலிருந்து ஆராய்ந்து வருகிறது. தேனி மாவட்டத்துக்கு அடுத்த பெருந்திட்டம் எது வந்தாலும், முதல் ஆட்சேபத்தை முதல் உதவியாக எடுத்துக்கொள்ளும் அணியே மக்களின் நம்பிக்கைக்குத் தகுதியானது.