உருவிய கயிறும் பிள்ளையின் சம்மதமும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில், வெள்ளம் அறுத்துப் போட்ட மணற்பாறை இடுக்குகளின் வழியே நடந்தும் நீந்தியும், செங்குத்தான இடங்களில் கயிற்றைப் பிடித்து இறங்கியும் செல்லும் கேன்யனீரிங் என்னும் பொழுதுபோக்கு, பிள்ளைகளையும் கூட்டிச் செல்லும் குடும்ப விடுமுறையாக வளர்ந்திருக்கிறது. இதற்குச் சொல்லப்படும் நியாயங்களுள் பெரிதும் மெச்சப்படுவது ஒன்று உண்டு: ஒவ்வொரு விளிம்பிலும் பிள்ளையிடம் ‘இறங்குகிறாயா’ என்று கேட்கப்படுகிறது, அது தலையசைத்த பிறகே இறக்கப்படுகிறது, ஆகவே அச்சத்தை எடைபோட்டுத் தானே முடிவெடுக்கும் பயிற்சி அதற்குக் கிடைக்கிறது என்பதே அந்த வாதம். கேட்பதற்கு இதமான இந்த வாதம், கேன்யனீரிங் நடைபெறும் முறையோடு ஒத்துவைத்துப் பார்த்தால் நிற்பதில்லை.

இப்பழக்கத்தின் நன்மைகளைப் பட்டியலிட வேறு பலர் உள்ளனர். அவற்றில் பெரும்பகுதி உண்மையுமாகும். கைபேசி அலை எட்டாத இடத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு முழு நாளை ஒன்றாகக் கழிப்பது எளிதில் வாய்ப்பதன்று, கருவிகள் உறுதியானவை, யூட்டாவின் சயான் தேசியப் பூங்கா இத்தகைய பள்ளத்தாக்குகளுக்குள் அனுமதிச்சீட்டின்றி எவரையும் விடுவதில்லை. கீழே முதலில் இறங்கியவர் கயிற்றின் நுனியை இறுக்கி இழுத்தால், மேலிருந்து இறங்கிக்கொண்டிருப்பவர் கைதவறினாலும் நின்றுவிடுவார் என்னும் எளிய காப்பு முறை பல உயிர்களைக் காக்கத் தக்கது.

ஆனால் ராப்பல் எனப்படும் கயிற்றிறக்கத்தின் கடைசிச் செயலைப் பற்றி ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை. மரத்திலோ பாறையிலோ சுற்றிக் கட்டிய பட்டையில் ஓர் உலோக வளையம் தொங்கும். அதில் கோத்த கயிற்றை, ஹார்னெஸ் என்னும் இடுப்புவாரில் மாட்டிய உராய்வுக் கருவியின் வழியே சிறிது சிறிதாக விட்டு ஒவ்வொருவராக இறங்குவார்கள். கடைசி ஆளும் இறங்கிய பின், அடுத்த இறக்கத்துக்கும் அதே கயிறு தேவைப்படுவதால், கீழிருந்து இழுத்து அதை உருவிக்கொள்வார்கள். கயிறு வழுக்கிக்கொண்டு வந்து காலடியில் விழுந்த கணத்திலிருந்து வந்த வழி மூடப்படுகிறது. இனி எஞ்சியிருப்பது கீழ்நோக்கிய வழி ஒன்றே. எனவே முதல் கயிறு உருவப்பட்ட பின் பிள்ளையிடம் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் ‘மாட்டேன்’ என்ற விடை கிடையாது. மறுக்க இயலாத இடத்தில் பெறப்படும் இசைவுக்குச் சம்மதம் என்ற பெயர் பொருந்தாது.

பள்ளத்தாக்குகளின் அமைப்பே இக்குறையை மோசமாக்குகிறது. சயானில் தொடக்கநிலையாளர்கள் விரும்பிச் செல்லும் பைன் கிரீக்கில் இறக்கங்கள் சிறியவையாகத் தொடங்கி, பாறையில் கால் ஊன்ற இடமின்றி அந்தரத்தில் தொங்கவைக்கும் ஏறத்தாழ 100 அடி இறக்கம் இறுதியில் வருகிறது. மிஸ்டரி கேன்யனும் அப்படியே: அதன் கடைசி இறக்கம், நேரோஸ் எனப்படும் வர்ஜின் ஆற்றின் குறுகிய பகுதியில், கீழே நின்று வேடிக்கை பார்க்கும் நடைப்பயணிகளின் கண்ணெதிரே நிகழ்கிறது. சிறிய இறக்கத்தைக் காட்டிப் பெற்ற தலையசைப்பு, பெரிய இறக்கத்துக்கும் செல்லுபடியாக்கப்படுகிறது. அந்தக் கடைசி விளிம்பில் பிள்ளை காட்டுவதாகப் புகழப்படும் துணிவு, வேறு வழியில்லாமையின் மறுபெயராகவே பெரும்பாலும் இருக்கிறது. இந்த வகையில், முதல் இறக்கமே ஏறத்தாழ 300 அடியாக அமைந்த எங்கிள்ஸ்டெட் பள்ளத்தாக்கு ஓரளவு நேர்மையானது எனலாம்; ‘மாட்டேன்’ என்று சொல்லித் திரும்பி நடக்கக்கூடிய இடத்திலேயே அது தன் முழு உயரத்தையும் காட்டிவிடுகிறது.

நீண்ட கயிறு பெரியவரிடமும் சிறுவரிடமும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. மீட்டருக்கு ஏறக்குறைய 60 கிராம் எடையுள்ள கயிறு 60 மீட்டர் நீளத்துக்குத் தொங்கினால், கருவிக்குக் கீழே மூன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட பாரம் இழுத்துக்கொண்டிருக்கும். இரட்டைக் கயிறானால் அது ஏழு கிலோவைத் தாண்டும். 80 கிலோ எடையுள்ள தந்தைக்கு இது பொருட்டன்று. 25 கிலோ எடையுள்ள சிறுமிக்கோ அதுவே பிரேக்காகி, அவள் விளிம்புக்குச் சற்றுக் கீழே அசையாமல் நிற்க, கயிற்றைக் கையால் தூக்கித் தூக்கிக் கருவிக்குள் ஊட்ட வேண்டியிருக்கும். கீழே போகப் போகத் தொங்கும் நீளமும் பாரமும் குறைவதால், கை சோர்ந்துவிட்ட கடைசிப் பகுதியில் வேகம் கூடுகிறது. நடுவழியில் சட்டை நுனியோ தலைமுடியோ கருவிக்குள் சிக்கினால், கயிற்றை மேலிருந்து தளர்த்தி அவளை இறக்கத் தக்கவாறு முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். அதற்கு அவள் தொங்கும் இடத்திலிருந்து தரை வரைக்குமான நீளம் மேலே கூடுதலாக இருக்கவும் வேண்டும். இத்தனைக்கும் அவள் கேட்கப்பட்ட கேள்வி, பயமாக இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே.

ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ‘127 ஹவர்ஸ்’ படத்தின் வழியே இந்த நிலப்பரப்பை அறிந்த தமிழ் வாசகர்கள் பலர். 2003ஆம் ஆண்டு புளூ ஜான் பள்ளத்தாக்கில் பாறையிடையே கை சிக்கி, அதை அறுத்துக்கொண்டு, ஒற்றைக் கையோடு சுமார் 65 அடி இறங்கி வெளியேறிய ஏரன் ரால்ஸ்டனின் கதையிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம், தனியாகப் போகக் கூடாது என்பது. குடும்பப் பயணம் பாதுகாப்பானது என்ற எண்ணத்துக்கும் இப்பாடமே துணைநிற்கிறது. ஆனால் துணை என்பது மீட்கத் தெரிந்தவரைக் குறிக்கும்; ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் கயிற்றில் மேலேறத் தெரிந்தவர் ஒருவரே என்றால், அங்கே ஒருவர் நான்கு பேரைச் சுமந்து தனியாகப் போகிறார் என்பதே உண்மை. பள்ளத்தாக்குகளின் கடினத்தைக் கயிற்று நுட்பத்துக்கு 1 முதல் 4 வரை எண்ணும், நீருக்கு ஏ முதல் சி வரை எழுத்தும் இட்டுக் குறிக்கும் அமெரிக்கத் தரவரிசையும், இறங்குபவரின் உடலெடையைப் பற்றியோ பாலைவனத்து நிழற்குட்டைகளின் குளிரில் சிறிய உடல் பெரிய உடலைவிட விரைவாக வெப்பம் இழப்பதைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை.

பெரியவர்களின் தீர்மானத்துக்கே எவ்வளவு விலை உண்டு என்பதற்குச் சயானின் வரலாறு சான்று. 1993ஆம் ஆண்டு கோலோப் கிரீக்கில் பதின்வயதுச் சிறுவர்களை அழைத்துச் சென்ற குழு, நீர்த்தேக்கத்திலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீரின் வேகத்தில் சிக்கியது. தலைவர்களுள் இருவர் மூழ்கி இறக்க, மற்றவர்கள் மேலே ஏறித் திரும்பவும் வழியின்றி நாள்கணக்கில் உள்ளேயே மீட்புக்காகக் காத்திருந்தனர். 2015 செப்டம்பர் 14 அன்று, வெள்ள வாய்ப்பு உண்டு என்ற எச்சரிக்கைக்குப் பின்னும் கீஹோல் பள்ளத்தாக்கில் இறங்கிய எழுவர் திடீர் வெள்ளத்தில் மாண்டனர். எழுவரும் முதிர்ந்தவர்கள், தம் முடிவைத் தாமே எடுத்தவர்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையசைப்பில் அத்தகைய முடிவைக் காண முனைவது, பொறுப்பைப் பெற்றோரின் தோளிலிருந்து பிள்ளையின் தோளுக்கு நகர்த்தும் தந்திரமே.

பிள்ளைக்கு முடிவெடுக்கக் கற்பிப்பதே நோக்கமென்றால், யூட்டாவிலேயே அதற்கு இடமுண்டு. கோப்ளின் வேலி மாநிலப் பூங்காவில் கோப்ளின்ஸ் லேர் என்னும் குகைக்குள் ஏறத்தாழ 90 அடி இறங்கலாம். அந்தக் குகைக்கு நடைபாதையும் உண்டு. விளிம்பில் நின்று வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை, ஒரு பெரியவரோடு நடந்தே அவ்விடத்தை அடையலாம், அவமானமும் இல்லை, ஆபத்தும் இல்லை. கயிற்றில் தானே மேலேறவும், சிக்கிய கருவியைத் தானே விடுவிக்கவும் பிள்ளை கற்கும் வரையில், கயிறு உருவப்படும் பள்ளத்தாக்குகளின் அனுமதிச்சீட்டுக்குப் பெற்றோர் விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டும்.