கணினிவழி ஒலிச் சாதனங்களின் விலையும் மீள்விற்பனைப் பெறுமதியும்

இசையைப் பதிவு செய்வதற்கும் ஆக்குவதற்கும் பயன்படும் கணினிச் சாதனங்களின் விலை கடந்த நான்கு தசாப்தங்களில் வீழ்ந்துள்ள விதம் பலராலும் வியந்து பேசப்படுவதொன்றாகும். அவ்வியப்பினுள்ளே ஒரு முடிபும் அடங்கியுள்ளது. கருவி மலிந்தமையாற் கலை எல்லார்க்கும் பொதுவாயிற்று என்பதே அது. இம்முடிபு முற்றிலும் பிழையானதன்று. ஆயின் அது புதிய பொருளின் விலையை மாத்திரமே கருத்திற் கொள்கின்றது. அப்பொருள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுமிடத்து அதற்குக் கிடைக்கும் பெறுமதியைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டையும் ஒருங்கே நோக்கும்போதுதான் இங்கு பேசப்படும் பொதுமை எத்தகையது என்பது தெளிவாகும்.

1979ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீற்றர் வோகல், கிம் றைறி ஆகிய இருவரும் பெயார்லைற் சீ.எம்.ஐ. என்னும் கணினி இசைக்கருவியை வெளியிட்டனர். புற உலகின் ஒலி எதனையும் பதிந்து, அதனை விசைப்பலகையில் வேண்டிய சுருதியில் இசைக்கத்தக்க கருவி அது. எட்டுக் குரல்களைக் கொண்டிருந்த அக்கருவியில் ஒவ்வொரு குரலுக்கும் ஒதுக்கப்பட்ட நினைவகம் 16 கிலோபைற் மாத்திரமே. இன்று ஒரு சிறு ஒளிப்படத்துக்கே அது போதாது. பிரித்தானியாவில் அதன் விலை ஏறத்தாழ 12,000 பவுணாக இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் டாட்மத் கல்லூரியின் ஆய்வுகளிலிருந்து தோன்றிய சின்கிளேவியர் அதனையும் விஞ்சியது. அதன் பெருந்தொகுதிகள் இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் விற்கப்பட்டன. பீற்றர் கேபிரியல், லெட் செப்பெலின் குழுவைச் சேர்ந்த ஜோன் போல் ஜோன்ஸ் போன்ற பெரும்புகழ் பெற்றோரே இத்தகைய கருவிகளின் முதற் சொந்தக்காரராயினர் என்பதில் வியப்பில்லை. 2011இல் வோகல் தமது கருவியைக் கைத்தொலைபேசியில் இயங்கும் செயலியாக வெளியிட்டார். ஏறக்குறைய ஐம்பது டொலருக்கு அதன் முழு வடிவத்தையும் பெற முடிந்தது.

இவ்வீழ்ச்சியை விஞ்ஞானத்தின் கொடையென்று மட்டும் கொள்வது மேலோட்டமான நோக்காகும். இயந்திரமொன்று தேய்வதனால் இழக்கும் பெறுமதி ஒருபுறமிருக்க, அதேவகை இயந்திரம் மலிவாக உற்பத்தியாகும்போதும் அதனிலும் சிறந்தது சந்தைக்கு வரும்போதும், சற்றும் தேயாத நிலையிலேயே அது பெறுமதியை இழக்கின்றது என்பதைக் கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியான 'மூலதனம்' முதற் பாகத்திற் சுட்டிக்காட்டியுள்ளார். நெசவாலையின் பொறிகளை மனங்கொண்டு கூறப்பட்ட அக்கருத்து, ஒலிப்பதிவுக் கூடத்துக் கணினிகளுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகின்றது. எட்டுத் தடங்களைச் சாதாரண வீடியோ நாடாவையொத்த பேழையில் இலக்கமுறையிற் பதிந்த அலேசிஸ் நிறுவனத்தின் ஏடாற் கருவி 1992இல் விற்பனைக்கு வந்தது. 4,000 டொலருக்குக் குறைவான அதன் விலை, இலட்சம் டொலர்வரை செலவிட்டு இலக்கமுறைப் பொறிகளை வாங்கியிருந்த கூடங்களைத் திகைக்க வைத்தது. சில ஆண்டுகளில் ஏடாற்றுக்கும் அதே கதி நேர்ந்தது. 1991இல் நான்கு தடங்களுடன் 6,000 டொலருக்கு அறிமுகமான புரோ ரூல்ஸ், தனது விசேட மின்சுற்று அட்டைகளோடு பல தலைமுறைகளைக் கண்டது. 2002இல் வந்த எச்.டி. அட்டைகளுக்குக் கூடங்கள் பல்லாயிரம் டொலர் செலவிட்டன. 2013இல் வெளிவந்த பதினோராம் பதிப்பு அவ்வட்டைகளை ஏற்க மறுத்தது. அட்டைகள் பழுதடையவில்லை. அவற்றை வாங்குவார்தாம் அருகிப்போயினர்.

எனினும் எல்லாப் பழங்கருவிகளும் இவ்வாறு வீழ்ந்துவிடவில்லை. ஈமியு நிறுவனம் 1987இல் வெளியிட்ட எஸ்.பி.1200 மொத்தமாகப் பத்து வினாடி ஒலியையே கொள்ளக்கூடியது. அதன் துல்லியமும் குறைவு. இன்று அது வெளிவந்த விலையிலும் கூடுதலாகக் கொடுத்து வாங்கப்படுகின்றது. இதற்குக் காரணம் வெறும் பழம்பொருள் மோகமன்று. நியூயோர்க்கின் ஹிப்ஹொப் இசைஞர்கள் அக்கருவியின் குறைபாட்டையே, அதன் கரடுமுரடான ஒலியையே, தமது கலையின் குரலாக ஆக்கினர். கணினியாக விற்கப்பட்ட பொருள் அதனால் வாத்தியமாயிற்று. எச்.டி. அட்டைக்கோ தனக்கென ஒரு குரல் இருக்கவில்லை. கணக்கிடும் ஆற்றல் ஒன்றையே அது விற்றது. அவ்வாற்றல் மலிந்ததும் அதன் பயன்பெறுமதியும் பரிவர்த்தனைப் பெறுமதியும் ஒருங்கே மறைந்தன. மீள்விற்பனைப் பெறுமதியை நிர்ணயிப்பது பொருளின் திறன் மட்டுமன்று என்பதும், அப்பொருளைக் கையாண்ட மனிதர் அதற்கு ஏற்றிய வரலாறும் அதில் அடங்கும் என்பதும் இதனாற் பெறப்படும்.

இவ்விடத்திலே விலைவீழ்ச்சியின் மறுபக்கத்தை நோக்குதல் அவசியம். சொந்தக்காரருக்கு நட்டமாவது பின்வருவோருக்கு வாயிலாகும். 1983இல் வெளிவந்த றோலண்ட் ரி.ஆர்.909 தாளக்கருவி சந்தையில் தோல்வி கண்டு இரண்டாண்டுகளில் நிறுத்தப்பட்டது. அதன் கைத்தாள ஒலிகள் கணினி முறையிற் பதியப்பட்டவை. ஏனையவை மின்சுற்றுக்களாற் பிறப்பிக்கப்பட்டவை. மதிப்பிழந்த நிலையில் அது பழைய பொருட் கடைகளையும் அடகுக் கடைகளையும் அடைந்தபோது, டெட்ரோயிட், சிக்காகோ நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் அதனை வாங்கினர். டெக்னோ, ஹவுஸ் என்னும் இசைவகைகளின் உருவாக்கத்தில் அதன் பங்கு பெரிது. டெட்ரோயிட்டின் டெறிக் மே தமது 909ஐச் சிக்காகோவின் பிராங்கி நக்கிள்ஸ் என்பவருக்கு விற்றமை அவ்விசை வரலாற்றிலே திரும்பத் திரும்பக் கூறப்படும் நிகழ்ச்சியாகும். ஒரு பழைய கருவியின் விற்பனை இரு நகரங்களின் இசையை இணைத்தது. உற்பத்தியாளர் இதனைத் திட்டமிடவுமில்லை, இதனால் ஒரு சதமேனும் ஈட்டவுமில்லை.

1996இல் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் வீ.எஸ்.ரி. முறையை வெளியிட்ட பின்னர், கருவிகள் மென்பொருள்களாக மாறலாயின. விலை மேலும் வீழ்ந்தது. ஆனால் வாங்குபவர் பெறுவது இப்பொழுது பொருளன்று. பொருளைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அவ்வுரிமத்தைப் பிறருக்கு மாற்றச் சில நிறுவனங்கள் இணங்குகின்றன. சில அதற்குக் கட்டணம் அறவிடுகின்றன. சில முற்றாக மறுக்கின்றன. 2012 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், காலவரையின்றி விற்கப்பட்ட மென்பொருட் பிரதியை வாங்கியவர் அதனை மீள விற்கலாம் எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்லதே. ஆயினும் மாதச் சந்தா முறை அத்தீர்ப்பின் எல்லைக்கு வெளியே நிற்கின்றது. அங்கே விற்பனையே நிகழ்வதில்லை. புரோ ரூல்ஸ் 2015இல் சந்தா முறையை அறிமுகப்படுத்தியது. 2023 மார்ச்சிலே வேவ்ஸ் நிறுவனம் நிரந்தர உரிமங்களை விற்பதை அடியோடு நிறுத்திச் சந்தாவுக்கு மாறுவதாக அறிவித்தபோது, இசைஞர்களின் கடும் எதிர்ப்பினால் சில நாட்களிலேயே அம்முடிவை மாற்ற நேர்ந்தது.

2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிற்றி போன்ற திறந்த மென்பொருள்கள் இச்சந்தைக்கு வெளியே நிற்கின்றன என்பது உண்மை. அவற்றுக்கு மீள்விற்பனை தேவையுமில்லை. ஆயின் தொழில்முறைக் கூடங்களில் வழங்குவன பெரும்பாலும் அவையல்ல. சந்தா செலுத்துபவர் மாதந்தோறும் சிறிய தொகையே கொடுக்கின்றார். செலுத்துவதை நிறுத்தும் நாளில் அவரிடம் விற்பதற்கும் ஒன்றுமில்லை, அடகுக் கடையில் வைப்பதற்கும் ஒன்றுமில்லை, இன்னோர் இளைஞரிடம் மலிவாகக் கையளிப்பதற்கும் ஒன்றுமில்லை.