இல்லாத லேபிளும் பொய் லேபிளும்

கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பெட்டிக்கடைகளில் கருவாடும் முறுக்கும் வெறும் பிளாஸ்டிக் உறையில் தொங்குவதைப் பார்க்கலாம். பலவற்றில் தயாரித்த தேதியும் முகவரியும் இருக்காது. சோதனைக்கு வரும் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் கண்ணில் முதலில் படுவதும் இவைதான்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. தயாரித்தவர் மட்டுமல்ல, விற்றவரும் சிக்குவார். 1954-ஆம் ஆண்டின் பழைய கலப்படத் தடைச் சட்டம் லேபிள் தவறையும் குற்ற வழக்காக்கி நீதிமன்றத்துக்கு இழுத்தது. இன்று மாவட்ட வருவாய் அலுவலரே விசாரித்து முடிக்கலாம். இது உண்மையான முன்னேற்றம்.

ஆனால் தேதி விடுபட்டதைக் கண்டுபிடிக்கக் கண் போதும். அச்சிட்ட சர்க்கரை அளவு பொய்யா என்று அறிய மாதிரி எடுக்க வேண்டும், நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும், கிண்டி கிங் நிலையம் போன்ற ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டும். அதிலும் ஒரு சிறு ஓட்டை இருந்தால் போதும். 2015-இல் மேகி நூடுல்ஸ் மீதான தடையை பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததற்கு, ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லாததும் ஒரு காரணம். ஆக, எளிதில் சிக்குபவர் லேபிளே ஒட்டாத சிறு வியாபாரி. பல வண்ணத்தில் அச்சிட்டுப் பொய் சொல்பவர் அல்ல.

சில பொய்கள் அனுமதியோடே வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவையாக இல்லாத சர்க்கரைப் பானங்கள், பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' (வாய்வழி நீரேற்றக் கரைசல்) என்று போட்டுக்கொள்ள 2022-இல் ஒரு மறுப்பு வரியோடு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இடம் கொடுத்தது. 2025 அக்டோபரில்தான் அதைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில், கடற்கரை வெயிலில் துவண்ட பிள்ளைக்கு யாராவது அதை வாங்கியிருந்தால், செங்கல்பட்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர் எந்தப் பிரிவைக் கொண்டு தடுத்திருப்பார்?

போதாததற்கு, அதே பொட்டலத்தின் நிகர எடையும் அதிகபட்ச விலையும் தொழிலாளர் துறையின் பொறுப்பு. வாங்குபவருக்கு லேபிள் ஒன்று, புகார் கொடுக்க வாசல் இரண்டு.

புதிய சட்டம் கேட்கத் தேவையில்லை. இதே 2006 சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி, குறையைத் திருத்த முதலில் நோட்டீஸ் கொடுக்கலாம். முகவரி விடுபட்ட முறுக்குக்காரருக்கு அது போதும். 49-ஆம் பிரிவோ, அபராதத் தொகையை முடிவு செய்யும்போது ஈட்டிய லாபத்தையும் மீறல் திரும்பத் திரும்ப நடந்ததா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. மாதிரி எடுக்கும் உழைப்பைப் பெரிய நிறுவனங்களின் கிடங்குகள் பக்கம் திருப்புவது அலுவலர்களின் மாதாந்திரத் திட்டத்தில் தொடங்க வேண்டிய வேலை.