கூரை விளக்கு எரியவில்லை: மீட்டரா, டெஸ்ட் லாம்பா?

எம்ஜிபி ஜிடி என்ற பழைய காரின் கதவைத் திறந்தும் கூரை விளக்கு எரியவில்லை. பல்பு, சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகப் புதிதாக மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த வழியை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடலாம். துருப்பிடித்த தகட்டில் புது சுவிட்சைப் பொருத்தினாலும் துரு அங்கேயேதான் இருக்கும். உண்மையான போட்டி மல்டிமீட்டருக்கும் டெஸ்ட் லாம்புக்கும் இடையில்தான்.

முதலில் கரண்ட் போகும் பாதையைப் பார்ப்போம். 1967-க்குப் பிந்தைய நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்த) கார்களையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஊதா ஒயர் விளக்குக்கு வருகிறது. அதில் எப்போதும் கரண்ட் உண்டு. விளக்கிலிருந்து ஊதா-வெள்ளை ஒயர் கதவுத் தூணில் உள்ள சுவிட்சுக்குப் போகிறது. கதவு திறந்ததும் சுவிட்ச் அந்த ஒயரைக் கார் பாடியோடு இணைத்து எர்த் கொடுக்கிறது. எனவே தூணில் அடித்த புதுப் பெயின்டே விளக்கை அணைத்துவிடப் போதும்.

மீட்டர் ஏமாற்றுவது இங்கேதான். பல்பைக் கழற்றி, கதவைத் திறந்து வைத்து, ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். அது இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. 6 வாட் பல்புக்கோ அரை ஆம்பியர் வேண்டும். பாதையில் ஒரு மோசமான இணைப்பு 24 ஓம் தடுத்தால் பல்புக்குப் பாதி வோல்ட்கூட வந்து சேராது. மீட்டரோ அப்போதும் 12 என்றே சொல்லும். டெஸ்ட் லாம்ப் தானே ஒரு பல்பு என்பதால் அதுவும் மங்கலாகத்தான் எரியும். இந்தப் பழுதில் நமக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. சுவிட்சிலிருந்து ஊதா-வெள்ளை ஒயரைக் கழற்றி, பெயின்ட் இல்லாத தகட்டில் தொட வேண்டும். விளக்கு எரிந்தால் பேட்டரியிலிருந்து அந்த ஒயர் நுனி வரை எல்லாம் சரி. குற்றவாளி சுவிட்ச் அல்லது அதன் எர்த். உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்தாலே பல நேரம் வேலை முடிந்துவிடும். நடுவில் பல்பு இருப்பதால் இந்தத் தொடலில் ஷார்ட் ஆகாது. ஊதா ஒயரை இப்படித் தொட்டால் ஃபியூஸ் போய்விடும். நிறம் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

எரியாவிட்டால் ஹாரனை அழுத்த வேண்டும். அதற்கும் இதே ஃபியூஸ்தான். ஹாரன் ஒலித்தால் ஃபியூஸை விட்டுவிட்டு, பல்பையும் ஒயர்கள் சேரும் புல்லட் கனெக்டர்களையும் தேடலாம்.

மீட்டரை நான் ஒதுக்கவில்லை. பல்பு மங்கலாக எரியும்போது, எந்த இணைப்பில் எத்தனை வோல்ட் இழக்கிறோம் என்று எண்ணாகச் சொல்ல அதனால்தான் முடியும். ஆனால் அது இரண்டாவது கருவி. முதலில் கையில் எடுக்க வேண்டியது டெஸ்ட் லாம்ப்தான் என்பது என் தீர்ப்பு. கம்ப்யூட்டர் உள்ள இன்றைய கார்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. பல்பு டெஸ்ட் லாம்ப் இழுக்கும் கரண்ட் அவற்றின் நுண்சுற்றுகளைக் கெடுத்துவிடலாம்.